பையனை ஒரு வாரம் ஸ்கவுட் கேம்ப்புக்கு அனுப்பலாமா? கவுன்சில் என்பது யார்?

அமெரிக்காவில் இருக்கிறோம், பையனுக்கு 11 வயது, மார்ச்சில்தான் ஸ்கவுட் (சாரணர்) ட்ரூப்பில், அதாவது உள்ளூர்க் குழுவில், சேர்ந்தான், ஜூலையில் ஒரு வாரம் கவுன்சில் கேம்ப்புக்குக் கூப்பிடுகிறார்கள், போன் கூடாதாம், அப்பா அம்மா கூட வர வேண்டியதில்லையாம். இந்தக் கவுன்சில் யார், எதற்கு மூன்று இடத்தில் பணம் கேட்கிறார்கள், பழைய வழக்குகளைப் படித்தால் வயிற்றைக் கலக்குகிறதே, அனுப்பலாமா? இதுதான் நீங்கள் கேட்டது.

அனுப்புங்கள். ஆனால் அவனுடைய சொந்த ட்ரூப்போடு அனுப்புங்கள். ட்ரூப் போகாத வாரத்தில் தனியாக வரும் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்துவிடும் ஏற்பாடும் பல கேம்ப்பில் உண்டு, முதல் வருடத்துக்கு அது வேண்டாம். பத்து வருடமாக உதவி ஸ்கவுட்மாஸ்டராக, அதாவது ட்ரூப்பை வழிநடத்தும் பெரியவருக்குத் துணையாக, இருக்கிறேன். ஏரி அழகாக இருந்த கேம்ப்பிலும் மோசமான வாரம் பார்த்திருக்கிறேன், கூரை ஒழுகிய கேம்ப்பிலும் பிள்ளைகள் கிளம்ப மனசில்லாமல் அழுததைப் பார்த்திருக்கிறேன். கூடப் போகிற இரண்டு மூன்று பெரியவர்களும், அவன் பேட்ரலில் (ட்ரூப்புக்குள் இருக்கும் சின்னக் குழு) இருக்கிற ஆறேழு பிள்ளைகளும் சரியாக இருந்தால் மீதி எல்லாம் தானாக நடக்கும்.

முதலில் கவுன்சில் விஷயம். ஊரில் பள்ளிக்கூடத்தில் யூனிஃபார்ம், கழுத்தில் ஸ்கார்ஃப் என்று சாரணர் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு அமெரிக்க ஏற்பாடு கொஞ்சம் குழப்பும். அங்கே அது பள்ளியோடு ஒட்டிக்கொண்டு வரும். இங்கே அடுக்கடுக்காக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே தேசிய அமைப்பு, தலைமையகம் டெக்சஸ் மாநிலம் இர்விங்கில். 1910 பிப்ரவரி 8-ஆம் தேதி சிகாகோ பத்திரிகை அதிபர் வில்லியம் பாய்ஸ் பதிவுசெய்த அதே பாய் ஸ்கவுட்ஸ்தான், 2025 பிப்ரவரி 8 முதல் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று பெயரை மாற்றிக்கொண்டது. (பெண் பிள்ளைகளை 2018-இல் சிறுவர் பிரிவான கப் ஸ்கவுட்டிலும், 2019-இல் 11 வயதுக்கு மேற்பட்ட பிரிவிலும் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள், உங்கள் சின்னவளுக்கும் இடம் உண்டு.) அதற்குக் கீழே நாடு முழுக்க இருநூற்றுச் சொச்சம் கவுன்சில்கள். பலரும் இவற்றைத் தலைமையகத்தின் கிளை அலுவலகம் என்று நினைக்கிறார்கள். சட்டப்படி ஒவ்வொரு கவுன்சிலும் தனி லாபநோக்கற்ற நிறுவனம். தனி நிர்வாகக் குழு, தனி வங்கிக் கணக்கு, தனிச் சொத்து, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு தலைமை நிர்வாகி (ஸ்கவுட் எக்ஸிகியூட்டிவ்). சில கவுண்டிகளை (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சேர்த்து ஒரு கவுன்சில், அதற்குள் டிஸ்ட்ரிக்ட் என்று சில பிரிவுகள்.

உங்கள் பையன் போகும் ட்ரூப்பை நடத்துவது பெரும்பாலும் கவுன்சில் கிடையாது. ஒரு சர்ச்சோ, பெற்றோர் சங்கமோ, லயன்ஸ் கிளப்போ அந்த ட்ரூப்புக்குப் பொறுப்பேற்று வருடா வருடம் கையெழுத்துப் போடும். வாரா வாரம் கூட்டம் நடத்துவது உங்களையும் என்னையும் போல வேலைக்குப் போய்விட்டு ஓடிவரும் பெற்றோர்தான், யாருக்கும் சம்பளம் இல்லை. அப்படியானால் கவுன்சில் என்னதான் செய்கிறது? உறுப்பினர் பதிவு, தலைவர்களுக்குப் பயிற்சி, பேட்ஜ் விற்கும் கடை, நன்கொடை திரட்டல். இதெல்லாம் இல்லாமல்கூட ஒரு நல்ல ட்ரூப் எப்படியாவது சமாளித்துவிடும் என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம், கவுன்சில் அலுவலகத்தில் இதைச் சொன்னால் முறைப்பார்கள். ஒரு ட்ரூப்பால் தன்னந்தனியாகச் செய்யவே முடியாத காரியம் ஒன்றே ஒன்றுதான்: காட்டுக்குள்ளே சில நூறு ஏக்கர் நிலத்தை வைத்துப் பராமரித்து, அதில் ஏரி, படகு, அம்பு எய்யும் களம், துப்பாக்கி சுடும் களம், மருத்துவ அறை, பயிற்சி பெற்ற ஊழியர்கள் எல்லாம் ஏற்பாடு செய்து, கோடையில் வாரத்துக்குச் சில நூறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. கவுன்சில் இருப்பதற்கு நியாயம் கேம்ப்தான்.

பணம் மூன்று இடத்தில் கேட்பதும் இதனால்தான். தேசிய அமைப்புக்கு ஆண்டுக் கட்டணம், அதன்மேல் பல கவுன்சில்கள் தங்களுக்கென்று ஒரு கட்டணம், அப்புறம் ட்ரூப்பின் சந்தா. கேம்ப் கட்டணம் இதெல்லாம் சேராமல் தனி, ஒரு வாரத்துக்குச் சில நூறு டாலர் ஆகும். போதாக்குறைக்கு இலையுதிர் காலத்தில் பாப்கார்ன் விற்கச் சொல்வார்கள், அதில் வரும் பணத்தில் ஒரு பங்கு ட்ரூப்புக்கு, ஒரு பங்கு கவுன்சிலுக்கு, மீதி பாப்கார்ன் கம்பெனிக்கு. பனியில் கடை வாசலில் நின்று விற்க முடியவில்லை என்றால் ட்ரூப்புக்கு நேராக ஒரு செக் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அத்தனை பணமும் பிள்ளைகளுக்கே போகும். கேம்ப் கட்டணம் பாரமாக இருந்தால் வெட்கப்படாமல் ஸ்கவுட்மாஸ்டரிடம் 'கேம்ப்பர்ஷிப்' (கேம்ப் கட்டண உதவி) விண்ணப்பம் கேளுங்கள். அநேகமாக எல்லா கவுன்சிலிலும் அந்த உதவி உண்டு, ஆனால் கடைசித் தேதி குளிர்காலத்திலோ வசந்தத்தின் தொடக்கத்திலோ முடிந்துவிடும், ஜூனில் கேட்டால் கிடைக்காது. இன்னொன்று: சொந்த கவுன்சிலின் கேம்ப்புக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் கிடையாது. பக்கத்து மாநில கேம்ப்புக்குக்கூட ட்ரூப் பதிவு செய்யலாம், கட்டணம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். நாங்கள் மூன்று வருடத்துக்கு ஒரு முறை அப்படி வெளியே போவோம்.

உங்கள் கவுன்சில் தன் பழைய கேம்ப் ஒன்றை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். இதற்கும் நீங்கள் பயப்படும் வழக்குகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாலியல் கொடுமை செய்ததாகச் சந்தேகிக்கப்பட்ட தலைவர்களைப் பற்றி இந்த அமைப்பு பல பத்தாண்டுகளாக ரகசியக் கோப்புகள் வைத்திருந்தது. பலரைப் பற்றிப் போலீஸுக்குச் சொல்லாமலே விட்டிருக்கிறார்கள். 2012-இல் ஆரிகன் நீதிமன்ற உத்தரவால் 1,200-க்கும் மேற்பட்ட கோப்புகள் வெளியே வந்தன. அப்புறம் பல மாநிலங்கள், பல வருடம் கழித்தும் வழக்குப் போடலாம் என்று சட்டத்தைத் திருத்தியதும் வழக்குகள் குவிந்தன. 2020 பிப்ரவரியில் தேசிய அமைப்பு திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. 82,000 பேருக்கு மேல் தங்களுக்கு நடந்ததைச் சொல்லி இழப்பீடு கோரினார்கள். இந்த எண்ணைப் பூசி மெழுக முடியாது, ஸ்கவுட்டை நேசிக்கும் நாங்களும் மெழுகக் கூடாது. கடைசியில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தீர்வில் சுமார் 246 கோடி டாலர் நிதி. அதில் கவுன்சில்களின் பங்கு மட்டும் 50 கோடி டாலருக்கு மேல், பணமாகவும் சொத்தாகவும். கவுன்சிலிடம் என்ன சொத்து இருக்கும்? கேம்ப் நிலம்தான்.

ஆனால் எல்லா விற்பனைக்கும் வழக்கு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பாதிக் கதைதான். உறுப்பினர் எண்ணிக்கை 1970-களிலிருந்தே குறைந்து வந்தது. 2019 கடைசியில் மார்மன் சர்ச் (மேற்கு மாநிலங்களில் நிறையப் பேர் உள்ள ஒரு கிறிஸ்தவப் பிரிவு) தன் ட்ரூப்புகளை மொத்தமாக விலக்கிக்கொண்டது, மேற்கு மாநிலங்களில் அது பேரிடி. இப்போது நாடு முழுக்கச் சுமார் பத்து லட்சம் பேர்தான். நூறு வருடத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே அடிமாட்டு விலைக்கு வாங்கிய நிலத்தைச் சுற்றி இப்போது வீடுகள் முளைத்துவிட்டன. கோடையில் ஆறேழு வாரம் நிறைகிற இடத்துக்கு வருடம் முழுக்கக் காவலாளி, கழிவுநீர்த் தொட்டி, பழைய அணைக்கட்டின் பராமரிப்பு, காப்பீடு. இரண்டு கவுன்சில் ஒன்றாகச் சேர்ந்தால் கையில் நான்கு கேம்ப் இருக்கும், பிள்ளைகளோ இரண்டுக்குத்தான் தேறுவார்கள். எங்கள் பக்கத்திலும் ஒன்றை விற்றார்கள். கூட்டத்தில் எழுபது வயதுக்காரர் ஒருவர், தான் 11 வயதில் முதல்முதலாக நீச்சல் கற்ற ஏரி அது என்று சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். விற்றது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் முடிவெடுத்து ஆறு மாதம் கழித்துத்தான் ட்ரூப்புகளுக்கே சொன்னார்கள், அதை இன்னும் மன்னிக்க மனம் வரவில்லை. உங்கள் கவுன்சிலில் அப்படிப் பேச்சு அடிபட்டால், நிலத்தைப் பாதுகாக்கும் அறக்கட்டளையிடமோ மாநில அரசிடமோ கொடுத்து வீட்டுமனையாகாமல் காப்பாற்ற முடியுமா என்று கூட்டத்தில் கேளுங்கள். சில இடங்களில் அப்படி நடந்திருக்கிறது.

சரி, பாதுகாப்பு. இப்போது இருக்கும் விதிகள் கெடுபிடியானவை, நீங்கள் அவற்றை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருப்பதுதான் பிள்ளைக்கு நல்லது. எந்த நிகழ்ச்சியிலும் 21 வயது நிரம்பிய, பதிவுபெற்ற பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் மற்றவர்கள் கண்ணில் படாத இடத்தில் தனியாக இருக்கவே கூடாது, தனிப்பட்ட மெசேஜுக்கும் இதே விதி. ட்ரூப்பில் பெரியவரும் பிள்ளையும் ஒரே டென்ட்டில் படுக்கக் கூடாது. ஒரே டென்ட்டில் படுக்கும் பிள்ளைகளுக்குள் வயது வித்தியாசம் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குளியல் பெரியவர்களுக்குத் தனி, பிள்ளைகளுக்குத் தனி. பதிவுசெய்யும் எல்லாப் பெரியவர்களுக்கும் குற்றப் பின்னணிச் சோதனையும் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயம். 'ரகசியம், வீட்டில் சொல்லாதே' என்று யார் எதைச் சொன்னாலும், அது விளையாட்டாக இருந்தாலும், உடனே வந்து சொல் என்று பையனிடம் கிளம்புவதற்கு முன்னால் உட்கார்ந்து பேசுங்கள். கைப்புத்தகத்தின் தொடக்கத்திலேயே பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து படிக்க வேண்டிய பகுதி ஒன்று இதற்கென்றே இருக்கிறது, நிறையப் பேர் படிக்காமல் புரட்டிவிடுகிறார்கள்.

"பெற்றோர் வர வேண்டியதில்லை" என்றால் வரக் கூடாது என்று அர்த்தம் இல்லை. ஸ்கவுட்டில் பெற்றோர் பார்க்கக் கூடாத நிகழ்ச்சி என்று ஒன்றுமே கிடையாது, அது விதி. அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் பார்க்கலாம். ராத்திரி தங்க வேண்டும் என்றால் மட்டும் நீங்களும் பதிவுசெய்து பயிற்சியும் சோதனையும் முடித்திருக்க வேண்டும். யாராவது ஒரு தலைவர் "அந்த நிகழ்ச்சியைப் பெற்றோர் பார்க்க முடியாது" என்று சொன்னால், அன்றைக்கே ட்ரூப்பை மாற்றிவிடலாம்.

தயாரிப்பில் முதல் வேலை மருத்துவப் படிவம். ஏ, பி என்று இரண்டு பகுதி எல்லோருக்கும் பொது. 72 மணி நேரத்துக்கு மேல் போகும் நிகழ்ச்சி என்பதால் சி பகுதியும் வேண்டும், அதில் டாக்டர் பரிசோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஜூன் மாதத்தில் குழந்தை டாக்டரிடம் நேரம் வாங்குவது குதிரைக்கொம்பு, ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள். மருந்து இருந்தால் அதன் சொந்த டப்பாவிலேயே அனுப்ப வேண்டும், கிழமை எழுதிய பிளாஸ்டிக் பெட்டியில் கொட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள்.

அடுத்தது நீச்சல் சோதனை. போன முதல் நாளே நடக்கும், நம் பிள்ளைகள் நிறையப் பேர் தடுமாறும் இடம் இது. தலைக்கு மேல் ஆழமுள்ள தண்ணீரில் கால் முதலில் படும்படி குதித்து, 75 கெஜம் நன்றாக நீந்தி, பிறகு 25 கெஜம் அலட்டிக்கொள்ளாமல் மல்லாக்க நீந்தி, கடைசியில் அசையாமல் மிதந்து காட்ட வேண்டும். மொத்தம் நூறு கெஜம், நடுவில் நிற்காமல். நீச்சல் குளத்தில் பதக்கம் வாங்கிய பையன்கூட ஏரியில் விழுந்ததும் மூச்சுத் திணறி ஏறிவிடுவான். தண்ணீர் சில்லென்று இருக்கும், பச்சையாக இருக்கும், அடி தெரியாது. குளத்துத் தரையில் கறுப்புக் கோட்டைப் பார்த்து நீந்திப் பழகியவனுக்கு அது திகில்தான். போவதற்கு முன்னால் ஒரு தடவையாவது ஏதாவது ஏரியில் இறக்கிவிடுங்கள். மல்லாக்க மெதுவாக நீந்துவதை யாரும் வகுப்பில் சரியாகச் சொல்லித் தருவதில்லை, அதைத் தனியாகப் பழக்குங்கள். சோதனையில் தேறாவிட்டால் குடி முழுகிப் போகாது. ஆழம் குறைந்த பகுதியில் விடுவார்கள், கற்றுக்கொடுப்பார்கள், வாரக் கடைசிக்குள் மறுபடி முயலலாம். தண்ணீரில் ஒவ்வொருவருக்கும் ஒரு துணை உண்டு, பெயர் எழுதிய வட்டச் சீட்டு பலகையில் தொங்கும், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை விசிலடித்துத் துணைகள் கையைக் கோத்துத் தூக்க, தலைகளை எண்ணுவார்கள். என் அனுபவத்தில் கேம்ப்பிலேயே மிக ஒழுங்காக நடக்கும் இடம் அந்தத் தண்ணீர்க்கரைதான்.

பையை அவனே கட்டட்டும். தயவுசெய்து. ஒரு வருடம் ஒரு அம்மா ஏழு நாளுக்கும் உடுப்பை இஸ்திரி போட்டு, நாள் வாரியாகக் கவரில் போட்டு, கிழமை எழுதி அனுப்பினார். பையன் ஞாயிற்றுக்கிழமை கவரை மட்டும் பிரித்து அதையே வெள்ளிக்கிழமை வரை போட்டிருந்தான். மழைக்கோட்டு பையின் எந்த மூலையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை, புதன்கிழமை நனைந்தே திரிந்தான். தானே கட்டிய பையில் நாலு சாமான் குறைந்தாலும் இருப்பது எங்கே இருக்கிறது என்று தெரியும். நீங்கள் பார்க்க வேண்டியவை நான்குதான்: மழைக்கோட்டு, காலைக் கடிக்காத பழைய ஷூ, தலையில் மாட்டும் டார்ச், வேண்டும் என்று நினைப்பதைவிட இரண்டு ஜோடி அதிகமாகச் சாக்ஸ். முறுக்கு, மிக்சர் பொட்டலம் டென்ட்டுக்குள் கூடவே கூடாது. வாசனை உள்ள எதுவும், பற்பசை உட்பட, ராத்திரி டென்ட்டில் இருக்கக் கூடாது என்பார்கள், கரடி இல்லாத காட்டிலும் ரக்கூன் உண்டு, எலி உண்டு, எறும்பு உண்டு. ரக்கூன் ஜிப்பைத் திறக்கும், நானே பார்த்தேன்.

சாப்பாட்டைப் பற்றி. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே படிவத்தில் எழுதுங்கள், முட்டை சேருமா சேராதா என்றும் தெளிவாக எழுதுங்கள், இங்கே சைவம் என்றால் முட்டை உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். நிஜத்தைச் சொன்னால் சைவப் பிள்ளைகளுக்கு ஒரு வாரமும் பாஸ்தா, சீஸ், வேர்க்கடலை வெண்ணெய் ரொட்டி என்றுதான் ஓடும். செத்துப்போக மாட்டான். ஒவ்வொரு பேட்ரலும் தானே சமைக்கும் கேம்ப்பாக இருந்தால் இந்தப் பிரச்சினை பாதி குறையும், எங்கள் ட்ரூப்பில் ஒரு பையன் உப்புமா கிளறி மொத்த பேட்ரலையும் மயக்கிவிட்டான், அடுத்த வருடமும் அதையே கேட்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் பொதுவான ஒரு பிரார்த்தனை இருக்கும், எந்த மதத்துக்கும் பொருந்தும் மாதிரி. கடவுள் மேல் கடமை என்பது உறுதிமொழியிலேயே இருக்கிறது, எந்தக் கடவுள் என்று கேட்பதில்லை.

மெரிட் பேட்ஜ், அதாவது ஒவ்வொரு திறமையையும் கற்றதற்குக் கிடைக்கும் பேட்ஜ். ஸ்கவுட்டின் உச்சப் பட்டமான ஈகிளுக்கு 21 வேண்டும் என்று தெரிந்ததும் நம்மில் பலர் முதல் வருடமே ஆறு பேட்ஜுக்குப் பெயர் கொடுத்துவிடுகிறார்கள், காலை ஒன்பது மணியிலிருந்து வகுப்பு வகுப்பாக ஓடும் பையனுக்கு ஏரியைப் பார்க்கவே நேரம் இருக்காது. முதல் வருடப் பிள்ளைகளுக்கென்று முடிச்சு, தீ மூட்டுதல், வரைபடம், முதலுதவி எல்லாம் சொல்லித்தரும் தனிப் பிரிவு அநேக கேம்ப்பில் உண்டு, அதில் போடுங்கள். கூட ஒன்றோ இரண்டோ, தோல் வேலை, கூடை முடைதல் மாதிரி கையால் செய்வது போதும். 18 வயது வரை காலம் கிடக்கிறது.

வீட்டு ஞாபகம் வரும். திங்கட்கிழமை ராத்திரியும் செவ்வாய்க்கிழமை ராத்திரியும்தான் கடினம், பகலில் யாரும் அழுவதில்லை. "பிடிக்கவில்லை என்றால் சொல், உடனே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் பையன் முதல் ராத்திரியிலிருந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குப் பதிலாக நாளுக்கு ஒன்றாகக் கடிதம் எழுதி ஸ்கவுட்மாஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள். "நீ இல்லாமல் வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது" என்று எழுத வேண்டாம், நாய் செருப்பைக் கடித்தது, தங்கை பல் விழுந்தது என்று எழுதுங்கள். அவனைத் தேற்றுவது பெரும்பாலும் நாங்கள் இல்லை, பேட்ரல் தலைவனாக இருக்கும் பதின்மூன்று வயதுப் பையன்தான். போன வருடம் அவனும் அழுதிருப்பான். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்ஸீ தீவில் இருபது சொச்சம் பையன்களை நான்கு பேட்ரலாகப் பிரித்து முதல் கேம்ப் போட்டபோது செய்ததும் இதேதான், சின்னக் கூட்டம், அதற்குள்ளேயே ஒரு தலைவன். பெரியவர்கள் குறுக்கே விழுந்து எல்லாவற்றையும் தாங்களே செய்கிற ட்ரூப்பில்தான் பிள்ளைகள் வாரம் முழுக்கச் சிணுங்குகிறார்கள்.

சனிக்கிழமை கூட்டிவரும்போது இரண்டு வேலை. வீட்டுக்குள் நுழைந்ததும் குளிக்கச் சொல்லி உண்ணி இருக்கிறதா என்று தலைமுடி, காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்புப் பட்டை, முழங்காலுக்குப் பின்னால் என்று ஒவ்வொரு இடமாகப் பாருங்கள். வடகிழக்கு மாநிலங்களில் லைம் நோய் வரும் வழி அதுதான். ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், எண்ணெய் ஊற்றுவது, சூடு வைப்பது எல்லாம் வேண்டாம். வருகிற வாரங்களில் காய்ச்சலோ பரவும் சிவப்பு வட்டமோ தெரிந்தால் டாக்டரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். இரண்டாவது வேலை, பையை வீட்டுக்கு வெளியே, காற்று நன்றாக அடிக்கும் இடத்தில் வைத்துத் திறங்கள்.